படம் வரும் பாதை

ஏழாம் அத்தியாயம்: டேப்லெட்டிலிருந்தும் செட்டாப் பாக்ஸிலிருந்தும் டி.வி.க்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் என் தமக்கையின் பேத்திக்குச் சிங்கப்பூரில் விவாகம் நடந்தது. மூட்டுவலியின் காரணமாக விமானப் பிரயாணம் செய்ய இயலாத என் தமக்கை, மதுரையில் தம் வீட்டுக் கூடத்திலேயே, பட்டுப்புடவை உடுத்து, கையில் அட்சதையை ஏந்தி, 43 அங்குல டி.வி.யின் முன் அமர்ந்திருந்தார். அங்கே காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம் என்றால் நமக்கு ஆறரை மணி. ஆதலால் விடியுமுன்பே எழுந்து எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட்டோம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். யூடியூபில் நேரலையாக வந்துகொண்டிருந்த நிகழ்ச்சியை என் டேப்லெட்டில் திறந்து, அந்தத் திரையை அப்படியே டி.வி.யில் தெரியும்படி நான் செய்திருந்தேன். நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறி, கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிய அந்தக் க்ஷணத்தில் படம் உறைந்து நின்றது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. "தம்பி, தாலி கட்டியாச்சா? இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே!" என்று அக்கா கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அட்சதை அவர் கையிலேயே தங்கிவிட்டது.

அந்த வீட்டில் சாதனங்களுக்குக் குறைவில்லை. டி.வி. புதியது, இணைய இணைப்பு வேகமானது, டேப்லெட்டும் நன்றாக உழைப்பது. ஒவ்வொன்றும் தனித்தனியே குற்றமற்றதாயிருந்தும் மூன்றும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம் கெட்டதற்குக் காரணம், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட படம் எந்த வழியாக அந்தக் கூடத்துக்கு வந்து சேருகிறது என்பதை நான் ஒரு நிமிஷமாவது யோசித்துப் பார்க்காமையே. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தர ஆள் பலர் உண்டு. ஆனால் பொத்தான்கள் கருவிக்குக் கருவி வேறுபடும், வருஷத்துக்கு வருஷம் இடம் பெயரும். பாதையோ அப்படி மாறுவதில்லை. அதை அறிந்துகொண்டவருக்கு, எந்தக் கருவி கையில் வந்தாலும் அதை இயக்கும் துணிவும், படம் நின்றபோது எங்கே கைவைப்பது என்ற தெளிவும் தாமாகவே வந்துவிடும். ஆகையால் இந்த அத்தியாயத்தில் பாதையை முதலிலும் பொத்தானைப் பின்னரும் சொல்லுகிறேன்.

சுமந்து வருவதும் சீட்டுக் கொடுப்பதும்

கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு வந்தாகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாமே கடைக்குப் போய், மூட்டையைத் தலையில் ஏற்றி, வீடுவரை சுமந்து வந்து இறக்கலாம். அல்லது கடைக்காரரிடம் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம், மூட்டை கடைவண்டியிலேயே நேராக வீட்டு வாசலில் வந்து இறங்கும். டேப்லெட்டின் வழியாக டி.வி.யில் படம் பார்ப்பதும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

முதல் வகையில், டேப்லெட் இணையத்திலிருந்து படத்தைத் தான் வாங்கி, தன் திரையில் விரித்து, விரித்த திரையை மறுபடியும் சுருக்கிக் கட்டி டி.வி.க்கு அனுப்புகிறது. 'ஸ்க்ரீன் மிரரிங்' என்று வழங்குவது இதுதான். பிரதிபலிப்பு என்று நாம் சொல்லலாம். இரண்டாம் வகையில், "இன்ன காணொளியை இன்ன இடத்திலிருந்து எடுத்துக்கொள்" என்று டி.வி.யிடம் விலாசத்தை மாத்திரம் சொல்லிவிட்டு டேப்லெட் விலகிக்கொள்கிறது; டி.வி.யோ, அதில் செருகியிருக்கும் சிறு கருவியோ, இணையத்திலிருந்து நேரே படத்தைப் பெற்றுக்கொள்கிறது. இதற்குக் 'காஸ்ட்' என்று பெயர்.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், பயனில் மிகுந்த வித்தியாசம் உண்டு. பிரதிபலிப்பில் டேப்லெட் விழித்தே இருக்கவேண்டும். அதன் திரை அணைந்தால் டி.வி.யிலும் படம் அணையும். யாரேனும் அழைத்தால் அழைப்பவர் பெயர் கூடத்தில் உள்ள எல்லார் கண்ணுக்கும் தெரியும். இரண்டு மணி நேரப் படத்துக்குள் பேட்டரி கணிசமாக இறங்கிவிடும். காஸ்டிலோ, படம் ஓடத் தொடங்கியபின் டேப்லெட்டை மூடி அலமாரியில் வைத்தாலும் படம் நிற்பதில்லை. அது வெறும் ரிமோட்டாகிவிடுகிறது.

அன்று காலை நான் செய்தது சுமந்து வரும் வேலை. ரூட்டர் வாசல் அறையில் இருந்தது. அங்கிருந்து என் டேப்லெட்டுக்கு ஒருமுறை, டேப்லெட்டிலிருந்து டி.வி.க்கு மறுமுறை என, ஒரே படம் ஒரே வீட்டுக் காற்றுவெளியை இருமுறை கடக்கவேண்டியிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் தமக்கையின் பேரன், "சின்னத் தாத்தா, நீங்க திரையையே தூக்கி அனுப்புறீங்க, விலாசத்தை மட்டும் அனுப்பினாப் போதும்" என்று சொல்லி, பிரதிபலிப்பை நிறுத்திவிட்டு, யூடியூப் செயலியின் மேல்மூலையில் இருந்த ஒரு சின்னத்தைத் தொட்டான். அரை நிமிஷத்தில் படம் துலக்கமாக ஓடியது. தாலி கட்டி முடிந்திருந்தது. ஆயினும் பெரும்பாலான நேரலைகளைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்க முடியும் என்பதை அவன் அறிந்திருந்தான். அடியிலிருந்த கோட்டைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தினான். கெட்டிமேளம் மறுபடி கொட்டியது. அக்கா எழுந்து நின்று அட்சதையைத் தூவினார்.

கம்பி வழி

எல்லா வழிகளிலும் பழுது குறைந்ததும் ஸ்திரமானதும் கம்பி வழியே. இன்று வீடுகளில் உள்ள எச்.டி.எம்.ஐ. கம்பியின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில், ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், தோஷிபா முதலிய ஏழு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் வெளிவந்தது. அதற்குமுன் படத்துக்கு ஒன்றும் ஒலிக்கு இரண்டுமாகத் தனித்தனிக் கம்பிகளைச் செருகிய நிலை மாறி, ஒரே கம்பியில் படமும் ஒலியும் சேர்ந்து வரலாயின. அதன் முனையைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஓரங்கள் சரிந்து குறுகியும் இருக்கும். உள்ளே இரு வரிசையாக 19 மெல்லிய தகடுகள் பதிந்திருக்கும். டி.வி.யின் பின்புறத்தில் கண்ணுக்குப் படாமல் தடவிச் செருகும்போது, அகன்ற பக்கம் எங்கே இருக்கிறது என்பதை விரலால் உணர்ந்த பின்னரே செருகவேண்டும். தலைகீழாக வைத்து அழுத்தினால் முனை வளைந்துபோகும். சரியாகப் பொருந்திய முனை சிறு அழுத்தத்திலேயே உள்ளே போய்விடும்.

டேப்லெட்டில் எச்.டி.எம்.ஐ. துளை நேராக இருப்பது அரிது. ஆதலால் நடுவில் ஓர் இணைப்பான் வேண்டும். இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். டைப்-சி துளை இருந்தால் போதும், படம் வெளியே வந்துவிடும் என்பது உண்மையன்று. படத்தை வெளியே அனுப்பும் சக்தி அந்தத் துளைக்குத் தனியே கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் அது சார்ஜ் ஏற்றவும் கோப்புகளை மாற்றவும் மாத்திரமே பயன்படும். ஆகையால் இணைப்பான் வாங்குமுன் உங்கள் டேப்லெட்டின் விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல்லோ, 'வீடியோ அவுட்' என்ற சொல்லோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐபேடுகளில் பழையவற்றுக்கு லைட்னிங் துளைக்குரிய இணைப்பானும், 2018-இல் வந்த ஐபேட் ப்ரோ தொடங்கி டைப்-சிக்கு மாறியவற்றுக்கு அதற்குரிய இணைப்பானும் தேவைப்படும். சார்ஜர் செருகவும் ஒரு துளை உள்ள இணைப்பானையே தேர்ந்தெடுங்கள். நெடுநேர நிகழ்ச்சிகளுக்கு அது பேருதவி.

கம்பியின் நீளத்திலும் நிதானம் வேண்டும். சாதாரணக் கம்பியில் இரண்டு மூன்று மீட்டருக்குள் ஒரு தொல்லையும் இராது. நீளம் கூடக்கூட, விசேஷமாக 4கே படங்களில், திரை விட்டுவிட்டு அணையும். 4கே டி.வி. வைத்திருப்பவர்கள் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' அல்லது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்று முத்திரையிட்ட கம்பியை வாங்கவேண்டும். முன்னது விநாடிக்கு 18 கிகாபிட், பின்னது 48 கிகாபிட் அளவைத் தாங்கும். கம்பியைச் செருகியபின் டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி, கம்பி செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் டேப்லெட்டின் திரை டி.வி.யில் தோன்றும்.

காற்றின் வழியே பிரதிபலிப்பு

கம்பியில்லாமல் திரையைப் பிரதிபலிக்கும் முறைகளுள் இரண்டு பிரசித்தமானவை. வைஃபை கூட்டமைப்பு 2012-இல் கொண்டுவந்த மிராகாஸ்ட், ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றிலும் விண்டோஸ் கணினிகளிலும் உள்ளது. இதற்கு வீட்டில் ரூட்டரோ இணையமோ இருக்கவேண்டிய அவசியமே இல்லை, இரு கருவிகளும் நேருக்கு நேராகவே பேசிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனத்தார் 2010-இல் கொடுத்த ஏர்ப்ளே, ஐபேடுகளுக்கும் ஐபோன்களுக்கும் உரியது, ஆப்பிள் டி.வி. பெட்டியிலும், அதை ஏற்கும் புதிய டி.வி.களிலும் அது வேலை செய்யும். ஏர்ப்ளேயில் திரையைப் பிரதிபலிப்பது, காணொளியை மட்டும் ஒப்படைப்பது என்ற இரு வகையும் உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும்: படம் ஓடும் செயலிக்குள் இருக்கும் சின்னத்தைத் தொட்டால் காணொளி மாத்திரம் போகும், கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள 'ஸ்க்ரீன் மிரரிங்'கைத் தொட்டால் திரை முழுவதும் போகும்.

பிரதிபலிப்பு தாழ்ந்த முறை என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று உரிய காரியங்கள் உண்டு. டேப்லெட்டிலேயே சேமித்துள்ள குடும்பப் புகைப்படங்களைக் காட்ட, பிள்ளைகளுக்குப் பாடத்தை விளக்க, ஒரு விண்ணப்பத்தை நாலுபேர் சேர்ந்து படித்துப் பார்க்க, காஸ்ட் சின்னமே இல்லாத செயலி ஒன்றைப் பெரிய திரையில் திறக்க இதைவிடச் சௌகரியமானது வேறில்லை. தொடங்குமுன் இரண்டு காரியங்களை மறவாமல் செய்யுங்கள். அழைப்புகளும் செய்திகளும் திரையில் எழாதபடி 'தொந்தரவு செய்யாதே' அமைப்பை இயக்குங்கள். டேப்லெட்டைக் கிடைவாட்டில் வையுங்கள். டி.வி.யின் திரை 16-க்கு 9 என்ற விகிதத்தில் அகன்றது. ஐபேடுகள் பலவோ 4-க்கு 3 என்ற விகிதத்தை ஒட்டியவை. அதனால் டி.வி.யில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அது பழுதன்று. படத்தின் வடிவம் கெடாமல் காப்பதற்காக விடப்பட்ட இடம்.

வேறொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சந்தா கட்டிப் பார்க்கும் சில செயலிகளைப் பிரதிபலித்தால் ஒலி மட்டும் கேட்கும், திரை கறுத்திருக்கும். படத்தின் உரிமையைக் காக்கும்பொருட்டு, திரையைப் பிரதி எடுக்கவொட்டாமல் செயலியே தடுப்பதன் விளைவு அது. கம்பி வழியிலும் இத்தகைய காவல் உண்டு. டேப்லெட், இணைப்பான், டி.வி. ஆகிய மூன்றில் ஒன்று அதை ஏற்காவிட்டாலும் படம் வராது. இதற்கு மாற்று, அதே செயலியை டி.வி.யிலேயே நிறுவிப் பார்ப்பதுதான்.

காஸ்ட் செய்யும் முறை

2013 ஜூலையில் கூகுள் நிறுவனத்தார் குரோம்காஸ்ட் என்ற, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு கருவியை 35 டாலர் விலையில் வெளியிட்டார்கள். அதற்கென்று தனி ரிமோட் இல்லை. கையில் இருக்கும் போனே ரிமோட் என்பதுதான் அதன் புதுமை. பின்னாளில் ஆண்ட்ராய்டு டி.வி.களிலும் கூகுள் டி.வி.களிலும் அந்த வசதி உள்ளேயே அமைந்துவிட்டதால், இன்று பலர் தனிக் கருவி வாங்கவேண்டிய தேவையே இல்லை. முறை எளிது:

1. டி.வி.யும் டேப்லெட்டும் ஒரே ரூட்டரில், ஒரே பெயருள்ள வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விருந்தினருக்கென்று தனியாக வைத்துள்ள வைஃபையில் ஒன்று இருந்தால் அவை ஒன்றையொன்று காணமாட்டா.

2. டேப்லெட்டில் யூடியூப் போன்ற செயலியைத் திறந்து, காஸ்ட் சின்னத்தைத் தேடுங்கள். ஒரு செவ்வகத் திரையின் இடது கீழ்மூலையிலிருந்து மூன்று வளைகோடுகள் கிளம்புவதுபோல் அது வரையப்பட்டிருக்கும்.

3. அதைத் தொட்டால் வீட்டில் உள்ள டி.வி.களின் பெயர்ப் பட்டியல் வரும். முதல்முறை அமைக்கும்போதே 'கூடம்', 'மாடி' என்று பெயரிட்டுவைத்தால் பின்னர் குழப்பம் நேராது.

4. டி.வி.யில் படம் தோன்றியபின், நிறுத்துவதும் ஒலியைக் கூட்டுவதும் டேப்லெட்டிலிருந்தே செய்யலாம். முடிந்ததும் அதே சின்னத்தைத் தொட்டுத் தொடர்பைத் துண்டியுங்கள்.

தனிக் கருவியைச் செருகுவோர், அதற்குரிய மின்சாரத்தை டி.வி.யின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து எடுப்பது வழக்கமாக இருக்கிறது. அத்துளைகள் பலவற்றில் அரை ஆம்பியர் மின்சாரமே கிடைக்கும். கருவி அதற்கு மேல் கேட்கும்போது படம் நடுவில் அணைந்து, கருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதனோடு கொடுத்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுவதே உத்தமம்.

செட்டாப் பாக்ஸ்

நம் வீடுகளில் கேபிள்காரரோ டி.டி.எச். நிறுவனமோ பொருத்திய செட்டாப் பாக்ஸுக்கும் இதே விசாரணை பொருந்தும். ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியின் பின்புறத்தையே. பெட்டி எச்.டி. பெட்டி, டி.வி.யும் எச்.டி. டி.வி., மாதந்தோறும் எச்.டி. சேனல்களுக்குக் கட்டணம், ஆனால் இரண்டையும் இணைப்பது பழைய டி.வி.யோடு வந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட கம்பி! வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் கம்பியில் வருகிறது. அதில் நம் நாட்டு முறைப்படி 576 கோடுகளுக்கு மேல் படம் வர வழியில்லை. கணக்கிட்டால், அகலத்தில் 720, உயரத்தில் 576 என்று 4,14,720 புள்ளிகள், முழு எச்.டி.யிலோ 1920-ஐ 1080-ஆல் பெருக்க 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. ஐந்து பங்குக்குக் காசு கொடுத்து ஒரு பங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனையோ என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது. ஒரே ஓர் எச்.டி.எம்.ஐ. கம்பி அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

கம்பியை மாற்றியபின் பெட்டியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் போய், வெளியீட்டை 1080 என்றும், விகிதத்தை 16:9 என்றும் அமைக்கவேண்டும். முகங்கள் அகன்று குட்டையாகத் தெரிந்தால் பழைய 4:3 படம் இழுத்து நிரப்பப்படுகிறது என்று பொருள். சேனலின் பெயர் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் டி.வி.யின் பட அளவுப் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இப்போது கேபிள் அல்லது டிஷ்ஷோடு இணையத்தையும் ஏற்கும் ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ்கள் வந்துள்ளன. பழைய டி.வி. வைத்திருப்போருக்கு அது ஒரு வரப்பிரசாதம், எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று இருந்தால் போதும், அந்த டி.வி.யே காஸ்டையும் ஏற்கும் டி.வி.யாகிவிடும். ஆனால் அந்தப் பெட்டியில் இரு பாதைகள் கூடுகின்றன: சேனல்கள் கேபிளிலோ டிஷ்ஷிலோ வருகின்றன, யூடியூபும் பிற செயலிகளும் வைஃபையில் வருகின்றன. சேனல் வந்து செயலி வராவிட்டால் ரூட்டரைப் பாருங்கள். செயலி வந்து சேனல் வராவிட்டால் கேபிள்காரரை அழையுங்கள். இந்த ஒரு பகுத்தறிவு பல வீண் அலைச்சல்களைத் தவிர்க்கும்.

வீட்டுக்குள் வைஃபை

1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின்னர் வந்த வருஷங்களில், மொட்டைமாடியில் ஒருவர் ஆண்டெனாவை மெல்லத் திருப்ப, கூடத்திலிருந்து மற்றொருவர் "தெரியுது, தெரியுது, அப்படியே விடு" என்று கூவிய காட்சியைக் கண்டவர்களுக்கு, அலைகளுக்கும் திசையும் தடையும் உண்டு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாடிக்கு ஏறிய அதே சிரத்தையோடு இன்று ரூட்டர் இருக்கும் மூலைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். என் தமக்கை வீட்டில் அது இரும்பு பீரோவின் மேல், சுவரோடு ஒட்டி, பழைய சூட்கேஸ் ஒன்றின் மறைவில் இருந்தது. இரும்பு அலையைத் திருப்பிவிடும். மீன் தொட்டியின் தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். தடித்த சுவர் ஒவ்வொன்றும் அதன் வலிமையைக் குறைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோடு மோதும். வீட்டின் நடுவில், ஆள் மார்பளவு உயரத்தில், திறந்த இடமே ரூட்டருக்கு உரிய ஆசனம்.

ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 என்ற இரு அலைவரிசைகளைக் கொடுக்கின்றன. முன்னது தூரம் போகும், வேகம் குறைவு, அண்டை வீட்டார் நெரிசலும் அதில்தான் அதிகம். பின்னது வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். டி.வி. ரூட்டருக்கு அருகிலோ ஒரே சுவர் தள்ளியோ இருந்தால் 5-ஐயும், அதற்கப்பால் இருந்தால் 2.4-ஐயும் தேர்ந்தெடுங்கள். டி.வி. ஓரிடத்தில் நிலையாக இருப்பது. ஆதலால் முடிந்தவர்கள் ரூட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியை இழுத்து அதில் செருகிவிடுவது எல்லாவற்றிலும் மேலானது. அந்தக் கம்பி 100 மீட்டர்வரை தளர்ச்சியின்றிச் செல்லும். எந்தச் சுவரும் அதற்குத் தடையன்று.

எவ்வளவு டேட்டா செலவாகும்

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தார் தம் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் அளவு, முழு எச்.டி.க்கு விநாடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்; ஆகவே 5 மெகாபிட் வேகத்தில் படம் தொடர்ந்து ஓடினால், 3600 விநாடிகள் கொண்ட ஒரு மணிக்கு 2250 மெகாபைட், அதாவது இரண்டேகால் ஜி.பி. செலவாகும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்துக்கு ஐந்தரை ஜி.பி.க்கு மேல். நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்ற திட்டத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டை வைத்து டி.வி.யில் படம் பார்க்க முயல்வோருக்கு, ஒரு மணி முடியுமுன்பே வேகம் படுத்துவிடுவதன் காரணம் இதுவே. அப்படிப்பட்ட சமயத்தில் படத்தின் தரத்தை 480-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டிலேயே சேமித்துவைத்த படத்தைப் பிரதிபலிப்பதற்கு இணைய டேட்டா செலவாவதில்லை என்பதையும், வீட்டுக்குள் டேப்லெட்டிலிருந்து டி.வி.க்குப் போகும் பங்கு கணக்கில் சேராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

பழுது தேடும் முறை

பழுது நேர்ந்தபோது கண்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துவதைவிட, படம் வரும் வழியே நாமும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. இணையக் காணொளி ஒரே நீளமாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்க, பாதையின் அகலத்தைப் பார்த்து ஏற்ற துண்டை டி.வி. கேட்டு வாங்குகிறது. இதை அறிந்தால் திரையே நமக்குச் செய்தி சொல்லும். படம் மங்கினால் பாதை குறுகியிருக்கிறது. வட்டம் சுழன்றால் பாதை அடைபட்டிருக்கிறது.

வட்டம் சுழலும்போது, டேப்லெட்டில் மட்டும் அதே காணொளியை ஓட்டிப் பாருங்கள். அதிலும் சுழன்றால் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில். அதில் நன்றாக ஓடினால் குறை ரூட்டருக்கும் டி.வி.க்கும் இடையில்.

காஸ்ட் சின்னமே தோன்றாவிட்டால், இரண்டும் ஒரே வைஃபையில் இல்லை. அல்லது டேப்லெட்டில் வி.பி.என். இயங்குகிறது. டி.வி.யின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் செயலிகள் இணைய மறுக்கும். நெடுநாள் மின்சாரமின்றி இருந்த டி.வி.யில் இதை முதலில் பாருங்கள்.

'நோ சிக்னல்' என்று எழுதிவந்தால், இன்புட் எண்ணைச் சரிபாருங்கள். பிறகு கம்பியின் இரு முனைகளையும் கழற்றிச் செருகுங்கள். பிறகு வேறு துளையில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாமற்போகும்.

உதடு அசைந்தபின் சொல் கேட்டால், பெரும்பாலும் புளூடூத் ஒலிபெருக்கியே காரணம், டி.வி.யின் ஒலிப் பகுதியில் தாமதத்தைத் திருத்தும் அமைப்பு இருக்கும். கம்பியில் ஒலிபெருக்கியை இணைப்போர் டி.வி.யில் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதிய எச்.டி.எம்.ஐ. துளையைப் பயன்படுத்தவேண்டும்.

எதுவும் பலிக்காதபோது எல்லாவற்றையும் அணைத்து மறுபடி இயக்குவது நல்ல மருந்தே. ஆனால் அதற்கும் வரிசை உண்டு. ரூட்டரை முதலில் இயக்கி, அதன் இணைய விளக்கு நிலையாக எரியும்வரை இரண்டு மூன்று நிமிஷம் காத்திருந்து, அதன்பின் டி.வி.யையும், கடைசியில் டேப்லெட்டையும் இயக்குங்கள். இடி மின்னல் நாட்களில் கேபிள் கம்பியையும் மின் பிளக்கையும் கழற்றிவைப்பதைப் பழக்கமாகக் கொள்ளுங்கள். மின்தடை உள்ள ஊர்களில் டி.வி.யை மாத்திரம் இன்வெர்ட்டரில் இணைத்துப் பயனில்லை; ரூட்டரும் அதில் இருக்கவேண்டும்.

முன்னாள் மாலை

முக்கியமான நிகழ்ச்சி எதுவானாலும், அதற்கு முந்தின நாள் மாலையில், அதே டி.வி.யில், அதே டேப்லெட்டில், அதே செயலியில் பத்து நிமிஷம் ஏதேனும் ஒரு நேரலையை ஓட்டிப் பாருங்கள். அப்படி ஓட்டிப் பார்த்திருந்தால் அன்று அந்தச் சுழல்வட்டத்தை நான் முதல்நாள் மாலையே சந்தித்திருப்பேன். பரீட்சை செய்து தேறிய வழியை ஒரு சீட்டில் எழுதி, டி.வி. மேஜையில் ஒட்டிவைத்தால், வீட்டில் இளையவர்கள் இல்லாத நாளிலும் பெரியவர்கள் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிராது.

என் தமக்கை வீட்டிலும் அப்படியொரு சீட்டு இருக்கிறது. பீரோவின் மேலிருந்த ரூட்டர் இப்போது கூடத்து அலமாரிக்கு வந்துவிட்டது. பேரன் சொல்லச் சொல்ல, அக்கா தம் கையாலேயே எழுதிய மூன்று வரிகள் அந்தச் சீட்டில் உள்ளன: "ரூட்டர் விளக்கு பச்சை. யூடியூப் திறக்க. மூன்று கோடு சின்னம் – கூடம்." சென்ற மாதம் பேத்தியின் வளைகாப்பு நேரலையை அவர் தாமே டி.வி.யில் போட்டுப் பார்த்தார். முதல் வளையல் அடுக்கியபோதே எனக்குப் போன் செய்து, "தம்பி, தெளிவாத் தெரியுது" என்று சொன்னார்.